இருமொழிச் சபையில் ஓர் இளம் மிஷனறி

பதினெட்டு வயது என்பது நம் நாட்டிலே காத்திருக்கும் வயது. உயர்தரப் பரீட்சையை எழுதி முடித்த மாணவன் பெறுபேறு வரும்வரை வீட்டிலிருப்பான். தாய் நேரத்துக்கு நேரம் சோறு பரிமாறுவாள். தந்தை மகனின் எதிர்காலத்தை எண்ணிப் பெருமூச்செறிவார். நெடுங்காலம் ஆசிரியத் தொழிலில் இருந்து வருபவன் என்ற முறையில் அவ்வயதினரை நான் நன்கறிவேன். அவர்களிடம் ஆற்றல் மிகுதி. அவ்வாற்றலை நம்பி நாம் ஒப்படைக்கும் பொறுப்போ மிகக் குறைவு. ஆனால் அதே வயதிலே, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் பகுதியில், ஆயிரக்கணக்கான இளைஞர்கள் தாம் தெரிந்தெடுக்காத ஓர் ஊருக்கு, தாம் அறியாத ஒரு மொழியிற் பேசுவதற்காக, வீட்டைவிட்டு இரண்டாண்டுகள் புறப்பட்டுச் செல்கின்றனர். மோர்மன் மிஷனறிமார் என்று உலகம் அழைப்பது இவர்களையே. இவர்களுடைய அன்றாட வாழ்வைப் பற்றியும், சிறப்பாக இரு மொழியினர் ஒருங்கே கூடும் சபையில் இவர்களுக்கு வாய்க்கும் பணியைப் பற்றியும் இன்று சில கூற விரும்புகிறேன்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் நன்று. மிஷனறி என்ற சொல்லைக் கேட்டதும் மதமாற்றம் என்ற எண்ணம் நம்மவர் உள்ளத்தில் எழுதல் இயல்பே. பிறரைத் தம் மதத்திற் சேர்ப்பதே இவர்களுடைய நோக்கம் என்பதை இவர்களும் மறைப்பதில்லை. அது முறையா, முறையன்றா என்பது வேறொரு நாள் வாதத்துக்குரியது. இன்று நாம் நோக்குவது, கற்பிக்கச் செல்லும் ஓர் இளைஞன் எவ்வாறு கற்பவனாக மாறுகிறான் என்பதையும், ஒருவர் மொழியை மற்றவர் அறியாத மக்கள் எவ்வாறு ஒரே கூரையின் கீழ் வழிபட முயல்கின்றனர் என்பதையுமே.

இச்சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பதாகும். 1830ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள், நியூயோர்க் மாநிலத்தில், யோசேப்பு சிமித் என்பவர் இதனைத் தொடக்கினார். அதே ஆண்டில் மோர்மன் நூல் என்னும் இவர்களது வேதம் அச்சாயிற்று. அந்நூலின் பெயரால் மற்றவர்கள் இவர்களை மோர்மன்கள் என்றனர். இப்பெயரைத் தவிர்த்துச் சபையின் முழுப்பெயரையே வழங்குமாறு 2018ஆம் ஆண்டில் அதன் தலைவராயிருந்த ரசல் நெல்சன் வேண்டிக்கொண்டார். எனினும் நேயர்களுக்கு எளிதில் விளங்கும்பொருட்டு, நான் பழைய பெயரையும் இடையிடையே ஆள்வேன். ஆரம்ப காலத்தில் இவர்கள் ஊருக்கு ஊர் துரத்தப்பட்டனர். 1847ஆம் ஆண்டில் பிரிகாம் யங் என்பவரின் தலைமையில் மேற்கு நோக்கிச் சென்று, பெரிய உப்பேரியின் அருகிலுள்ள வறண்ட நிலத்திற் குடியேறினர். அக்குடியிருப்பே இன்று யூற்றா மாநிலத்தின் தலைநகரான சோல்ற் லேக் நகரமாகும். சபையின் தலைமை நிலையமும் அங்கேயே உள்ளது.

மிஷனறிமார் பிறமொழி கற்பது நமக்குப் புதிய செய்தியன்று. 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனறிமார் தமிழ் கற்றனர். 1823இல் வட்டுக்கோட்டையிலே செமினரியைத் தொடங்கினர். டாக்டர் சாமுவேல் கிறீன் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். அவர்கள் வேறு சபையினர். கற்றுத் தேர்ந்து, குருமாராகவும் வைத்தியராகவும் பட்டம் பெற்று, நீண்டகாலத் தொண்டை எண்ணி வந்தவர்கள். நாம் இன்று பேசும் மோர்மன் இளைஞனோ குருவுமல்லன், பண்டிதனுமல்லன். நேற்றுவரை பந்தடித்துத் திரிந்தவன். பணி முடிந்ததும் வீடு திரும்பிப் படிப்பையோ தொழிலையோ தொடரப்போகிறவன். இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டால்தான் அவனுடைய நிலைமை நமக்கு விளங்கும்.

முன்னர் ஆண்கள் 19 வயதிலும் பெண்கள் 21 வயதிலுமே இப்பணிக்குச் செல்லலாம் என்று இருந்தது. 2012ஆம் ஆண்டில் அவ்வெல்லை முறையே 18 ஆகவும் 19 ஆகவும் குறைக்கப்பட்டது. இளைஞர் 24 மாதமும் யுவதிகள் 18 மாதமும் பணி செய்வர். 2024ஆம் ஆண்டின் முடிவில் உலகெங்கும் இவ்வாறு பணி செய்தோர் 74,000 பேருக்கு மேற்பட்டிருந்தனர். இவர்களுக்குச் சம்பளம் இல்லை. மாறாக, செலவுக்குரிய பணத்தை இவர்களோ பெற்றோரோ சபைக்குச் செலுத்துகின்றனர். அமெரிக்காவிலிருந்து செல்வோர் செலுத்திய தொகை மாதமொன்றுக்கு 400 டொலராக இருந்து, 2020ஆம் ஆண்டில் 500 டொலராக உயர்ந்தது. ஆகவே பல பிள்ளைகள் பள்ளிப் பருவத்திலேயே விடுமுறை வேலை செய்து இதற்கெனப் பணம் சேர்க்கின்றனர்.

எங்கே செல்வது என்பதை விண்ணப்பிப்பவன் தீர்மானிப்பதில்லை. தலைமை நிலையத்திலிருந்து அழைப்பு வரும். அதில் இடமும் மொழியும் குறிக்கப்பட்டிருக்கும். குடும்பத்தார் சூழ்ந்திருக்க, அவன் அதனைத் திறந்து வாசிப்பது வீட்டிலே ஒரு விழாவைப் போன்றது. அயல்நாட்டின் பெயரை எதிர்பார்த்த ஒருவனுக்கு, சில நூறு மைல் தொலைவிலுள்ள கலிபோர்னியா மாநிலமும், அதனோடு ஸ்பானிய மொழியும் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஏமாற்றமாகவே இருக்கும். சொந்த நாட்டிலேயே பிறமொழி எதற்கு என்று அவன் எண்ணக்கூடும். கலிபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கிலே திராட்சையும் தக்காளியும் பாதாம்பருப்பும் விளையும் தோட்டங்களில் வேலை செய்வோருட் பெரும்பாலோர் மெக்சிக்கோ நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பதையும், அவர்களுடைய மொழி ஸ்பானியம் என்பதையும் அவன் அங்கே சென்ற பின்னரே உணர்கிறான். பெயரில்லாத இவ்விளைஞனையே நாம் இப்பேச்சின் இறுதிவரை உடன் அழைத்துச் செல்வோம்.

மொழிப் பயிற்சி யூற்றாவிலுள்ள புரோவோ நகரத்தில் நடைபெறுகிறது. மெக்சிக்கோவுக்கும் ஆர்ஜென்டினாவுக்கும் செல்லவேண்டிய சிலர் விசாவுக்குக் காத்திருந்த வேளையிலே, அக்காலத்தைப் பயன்படுத்தி அவர்களுக்கு ஸ்பானியம் கற்பிக்கும் நோக்கத்தோடு 1961ஆம் ஆண்டிற் சிறிய அளவில் இது தொடங்கிற்று. இன்று அங்கே ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் கற்பிக்கப்படுகின்றன. ஸ்பானியத்துக்கு ஒதுக்கப்படும் காலம் ஏறக்குறைய ஆறு கிழமைகளே. இலக்கணத்தை முதலிற் கற்று முடித்துப் பின்னர் பேசுவது என்ற வழக்கம் அங்கில்லை. வந்த சில நாட்களுக்குள்ளேயே தெரிந்த ஐம்பது சொல்லைக் கொண்டு பிரார்த்தனை செய்யவும், பாடம் சொல்லவும் வேண்டும். பிழை விடுவதற்கு அஞ்சுபவன் மொழி கற்கமாட்டான் என்ற உண்மையை மொழி கற்பிக்கும் ஆசிரியர் எவரும் ஒப்புக்கொள்வர். ஆனால் அதனை வகுப்பறையில் நடைமுறைப்படுத்தும் துணிவு நம்மிற் பலருக்கு இல்லை.

இனி, அவனுடைய ஒரு நாளைப் பார்ப்போம். காலை ஆறரை மணியளவில் துயிலெழுதல், அரை மணி நேரம் தேகப்பயிற்சி, குளித்து உணவருந்துதல், பின்னர் வேத நூல்களைத் தனியாகப் படித்தல், அதன்பின் தோழனுடன் சேர்ந்து படித்தல், பிறமொழிப் பிரதேசத்தில் இருப்பவனாயின் மொழியைப் படித்தல். இவையெல்லாம் முடிந்து முற்பகல் பத்து மணியளவில் வெளியே புறப்படுவான். வெள்ளை மேற்சட்டை, கழுத்துப்பட்டி, மார்பிலே கறுப்பு நிறப் பெயர்த்தகடு. சில ஊர்களில் மோட்டார் வண்டி கிடைக்கும். சில ஊர்களில் துவிச்சக்கர வண்டியே துணை. இரவு ஒன்பது மணியளவில் வீடு திரும்பிப் பத்தரை மணிக்கு உறங்கவேண்டும். 2017ஆம் ஆண்டின் பின்னர் இந்நேரசூசி அவ்வவ்விடத்துக்கு ஏற்ப ஓரளவு தளர்த்தப்பட்டது. எனினும் அதன் போக்கு மாறவில்லை.

இவர்கள் எப்பொழுதும் இருவராகவே செல்வர். தோழனை மேற்பார்வைத் தலைவர் நியமிப்பார். ஒருவனை விட்டு மற்றவன் தனியே செல்லலாகாது. ஏறக்குறைய ஆறு கிழமைக்கொருமுறை இடமாற்றம் அறிவிக்கப்படும். சிலர் இருந்த இடத்திலே இருப்பர், சிலர் வேறூருக்கு அனுப்பப்படுவர். முன்பின் அறியாத ஒருவனுடன் ஒரே அறையில் உண்டு, உறங்கி, ஊடலும் கூடலுமாக வாழ்வதே முதல் ஆண்டின் பெரும் பாடம் என்று கூறலாம். தோழன் ஸ்பானியத்தைத் தாய்மொழியாக உடையவனாயின் அது நற்பேறு. ஏனெனில், காலையிலே கஞ்சி காய்ச்சும்போதும் மொழிப்பாடம் நடந்துகொண்டிருக்கும்.

கட்டுப்பாடுகள் பல. இப்பணிக் காலத்தில் காதலும் இல்லை, களியாட்டமும் இல்லை. மது, புகையிலை ஆகியவற்றோடு தேநீரும் கோப்பியும் இச்சபையினர் அனைவருக்கும் விலக்கு. ஆகவே நம் மலைநாட்டுத் தேயிலைக்கு இவர்கள் வாடிக்கையாளர் அல்லர். கிழமையில் ஒரு நாள் ஆயத்த நாள் எனப்படும். பெரும்பாலும் அது திங்கட்கிழமை. உடுப்புத் தோய்ப்பதும், சாமான் வாங்குவதும், வீட்டுக்கு எழுதுவதும் அன்றைக்கே. நீண்ட காலமாக, வீட்டாருடன் தொலைபேசியிற் பேசுவதற்கு ஆண்டிலே இரண்டு தடவைகளே அனுமதி இருந்தது: ஒன்று நத்தார்ப் பண்டிகை, மற்றது அன்னையர் தினம். 2019ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலேதான் கிழமைக்கொருமுறை பேசலாம் என்ற விதி வந்தது. வீட்டு நினைவு என்பது பதினெட்டு வயதிலும் வாட்டும் நோய்தான் என்பதைப் பெரியவர்கள் காலந்தாழ்த்தியேனும் உணர்ந்தனர் போலும்.

வெளியே சென்று இவர்கள் செய்வது யாது? முன்னாட்களில் வீடு வீடாகக் கதவைத் தட்டுவதே முதன்மையான வேலை. இக்காலத்தில் கைத்தொலைபேசியில் செய்தி அனுப்புவதும், சபையினர் அறிமுகம் செய்பவரைச் சென்று காண்பதும் மிகுந்துள்ளன. பல கதவுகள் திறவா. திறந்தவற்றிலும் பல உடனே மூடப்படும். ஆதலால் நாளின் பெரும்பகுதி மறுப்பைக் கேட்பதிலேயே கழிகிறது. இடையிடையே, வீடு மாறுவோருக்குத் தளபாடம் சுமந்து கொடுப்பர். முதியோரின் வளவிலே புல் வெட்டுவர். புதிதாக வந்தவர்களுக்கு மாலையில் இலவசமாக ஆங்கிலம் கற்பிப்பர். இரவு உணவைச் சபையின் குடும்பங்கள் முறைவைத்து அளிப்பதுண்டு.

அந்த உணவு மேசையிலேதான் உண்மையான மொழிக் கல்வி நடைபெறுகிறது. ஸ்பானிய மொழியில் பசி என்பதற்கு ஆம்ப்ரே என்றும், மனிதன் என்பதற்கு ஓம்ப்ரே என்றும் சொல்வர். ஓர் உயிரெழுத்தே வேறுபாடு. ‘எனக்குப் பசிக்கிறது’ என்று சொல்ல எண்ணிய இளைஞன், ‘என்னிடம் ஒரு மனிதன் இருக்கிறான்’ என்று சொல்லிவிடுவான். வீட்டுப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பர். தமிழிலே பல்லுக்கும் பாலுக்கும் வேறுபாடு தெரியாது தடுமாறும் வெளிநாட்டவரைப் பார்த்து நாமும் சிரிக்கிறோம் அல்லவா? இன்னுமொரு தொல்லை, முன்னிலைச் சொல்லில் உள்ளது. ஆங்கிலத்தில் எவரையும் ஒரே சொல்லால் அழைக்கலாம். ஸ்பானியத்திலோ நெருங்கியவருக்கு ‘தூ’ என்றும், மதிப்புக்குரியவருக்கு ‘உஸ்தேத்’ என்றும் இரு சொற்கள் உள. நீ, நீர், நீங்கள் என்ற மூன்றையும் இடமறிந்து ஆளும் நமக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். அறுபது வயதுப் பாட்டியைத் தூ என்று அழைத்துவிட்ட இளைஞனை அவர் கடிந்துகொள்ள மாட்டார். ‘சிறு பிள்ளை, பழகட்டும்’ என்று பொறுத்துக்கொள்வார். கற்பிக்க வந்தவன், தான் வந்த வீட்டிலே சிறு பிள்ளையாகிறான். அகந்தை நீங்குவதற்கு இதனினும் நல்ல மருந்து யாது?

இவ்வாறு அவன் பணி செய்யும் ஊரிலே உள்ள சபை இருமொழிச் சபையாக இருக்கலாம். இச்சபையினருக்குச் சம்பளம் பெறும் உள்ளூர்க் குருமார் இல்லை. பாடசாலை ஆசிரியரோ கமக்காரரோ கடைக்காரரோ, தம் தொழிலைச் செய்துகொண்டே சில ஆண்டுகள் ஆயராகப் பணியாற்றுவார். ஞாயிற்றுக்கிழமை உரைகளை ஆற்றுவோரும் சபையின் சாதாரண உறுப்பினரே. ஆகவே எவர் எம்மொழியிற் பேசுவார் என்பது கிழமைக்குக் கிழமை மாறும்.

இரு மொழியினரையும் ஒன்றாக வைப்பது ஏன்? ஸ்பானியருக்கென்று தனிச் சபை அமைத்துவிடலாமே என்று கேட்கலாம். அமெரிக்காவில் இச்சபையினர் அவ்வாறும் செய்ததுண்டு, பின்னர் அவற்றைக் கலைத்து ஆங்கிலச் சபைகளோடு சேர்த்ததுமுண்டு, மீண்டும் பிரித்ததுமுண்டு. இரண்டிலும் இழப்பு உண்டு என்பதே அனுபவம். குடியேறி வந்த குடும்பத்தை நோக்குங்கள். பாட்டிக்கு ஸ்பானியம் மாத்திரமே தெரியும். தந்தைக்கு ஸ்பானியம் நன்றாகவும் ஆங்கிலம் அரைகுறையாகவும் தெரியும். பேரப்பிள்ளைகளோ பாடசாலையில் ஆங்கிலத்திற் படித்து, ஆங்கிலத்திற் சிரித்து, ஆங்கிலத்திலேயே கனவு காண்பவர்கள். தனி ஸ்பானியச் சபையிலே பேரப்பிள்ளை கொட்டாவி விடுவான். தனி ஆங்கிலச் சபையிலே பாட்டி வாய் பேசாத பொம்மையாக இருப்பார். ஆகவே சபையைப் பிரிப்பது சில வேளை குடும்பத்தையே பிரிப்பதாக முடிகிறது. இருமொழிச் சபை என்பது அக்குடும்பத்தை ஒரே வாங்கில் அமர்த்தும் முயற்சியாகும்.

அம்முயற்சி எளிதன்று. பாட்டிலிருந்தே சிக்கல் தொடங்கும். 1985ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கிலப் பாடற் புத்தகத்தில் 341 பாடல்கள் உள்ளன. ஸ்பானியப் புத்தகத்திலோ இருநூறு சொச்சமே. ஒரே பாட்டு இரு புத்தகத்திலும் வெவ்வேறு எண்ணில் இருக்கும். ஆகவே பாட்டுத் தெரிபவர் இரண்டிலும் உள்ள பாடலைத் தேடி, இரண்டு எண்களையும் அறிவிக்கவேண்டும். பின்னர் அவரவர் தத்தம் மொழியில், ஒரே இசையில், ஒரே வேளையிற் பாடுவர். சொற்கள் மோதும், இசை மோதாது. எல்லா மொழிகளுக்கும் ஒரே பாடல்கள், ஒரே எண்கள் என்ற முறையிற் புதிய புத்தகம் ஆக்கப்படும் என்று 2018இல் சபைத் தலைமை அறிவித்தது. 2024 முதல் அதன் பாடல்கள் பகுதி பகுதியாக வெளிவரலாயின.

அடுத்துத் திருவிருந்து. மது விலக்கப்பட்டவர்களாதலின் இவர்கள் பாணையும் தண்ணீரையுமே பகிர்ந்தளிப்பர். பெரும்பாலும் பதினாறு, பதினேழு வயதுப் பையன்களே அதற்குரிய பிரார்த்தனையை வாசிப்பர். அது ஒரு சொல்லும் பிறழாது வாசிக்கப்படவேண்டும். பிறழின் மீண்டும் வாசிக்கவேண்டும். இருமொழிச் சபைகளிற் கைக்கொள்ளத்தக்க ஒரு முறை யாதெனில், பாணுக்குரிய பிரார்த்தனையை ஒரு மொழியிலும், தண்ணீருக்குரியதை மற்ற மொழியிலும் சொல்வதாகும். பாட்டியின் மொழியை வீட்டிலே பேசக் கூசும் பேரன், சபை முழுவதும் தலைகுனிந்திருக்க, அம்மொழியைப் பிழையின்றி வாசிக்கவேண்டிய நிலை வருகிறது. தாய்மொழிக்கு மதிப்புத் தேடித்தருவதற்குப் பத்துச் சொற்பொழிவுகளை விட அந்த ஒரு நிமிடம் போதும்.

உரைகள் தொடங்கியதும் நம் மிஷனறியின் வேலை தொடங்கும். சபையின் பின்புறத்தில் அல்லது ஓரத்தில் அமர்ந்து, சிறு ஒலிவாங்கியை வாயருகே பிடித்துக்கொண்டு, பேச்சாளர் சொல்வதைத் தாழ்ந்த குரலில் உடனுக்குடன் மொழிபெயர்ப்பான். மொழி அறியாதோர் காதிலே சிறு கருவியை அணிந்து அதனைக் கேட்பர். வேத வசனம் வந்தால் கவலையில்லை. அச்சிட்ட மொழிபெயர்ப்பைத் திறந்து வாசித்துவிடலாம். ஸ்பானிய மொழியில் மோர்மன் நூலின் சில பகுதிகள் 1875இலும், முழுநூல் 1886இலும் வெளிவந்துவிட்டன. தொல்லை தருவன பழமொழிகளும் பகிடிகளுமே. பேச்சாளர் பகிடி விட்டு முடித்ததும் ஒரு பாதிச் சபை சிரிக்கும், மறுபாதி காத்திருக்கும். சிறிது கழிந்து அப்பாதியும் சிரித்தாற்றான் மொழிபெயர்ப்பவனுக்கு மூச்சு வரும்.

மாதத்தின் முதல் ஞாயிறு உபவாச நாள். அன்று நியமித்த பேச்சாளர் எவரும் இலர். விரும்பியவர் எழுந்து சென்று தம் உள்ளத்திலுள்ளதைச் சொல்லலாம். மொழிபெயர்ப்பவனுக்கு எவ்வித முன்னாயத்தமும் இல்லை. அன்றைக்கு ஒரு தாய் எழுந்து செல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். தன் பிள்ளையைப் பறிகொடுத்ததை, எல்லைக்கு அப்பால் உள்ள அந்தச் சவக்குழியைத் தான் சென்று பார்க்க இயலாதிருப்பதை, அழுகையோடு ஸ்பானியத்திற் சொல்கிறாள். மொழிபெயர்ப்பின் விதி யாதெனில், ‘அவள் தன் பிள்ளையைப் பறிகொடுத்தாளாம்’ என்று சொல்லலாகாது. ‘நான் என் பிள்ளையைப் பறிகொடுத்தேன்’ என்றே சொல்லவேண்டும். பத்தொன்பது வயது, இதுவரை பெரிதாக எதனையும் இழந்தறியாதவன். அவன் வாயிலிருந்து அச்சொற்கள் வருகின்றன. ஆங்கிலம் பேசும் பாதிச் சபை அத்தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவன் குரலைக் கேட்கிறது. அவன் குரல் தடுமாறினால் அவளுடைய துயரம் அவர்களைச் சென்றடையாது. அழாமற் சொல்லவேண்டும், ஆனால் மரக்கட்டையைப் போலச் சொல்லவும் கூடாது. பிறர் துன்பத்தை ‘நான்’ என்ற சொல்லோடு சேர்த்துச் சொல்லிப் பார்த்தவன், அதன் பின்னர் அம்மக்களைக் கூலிக்கு வந்த கூட்டம் என்று எண்ணுவது அரிது.

இவ்விடத்தில் நேயர்கள் ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். காதிற் கருவி அணிபவர் யார்? நான் மேலே கூறிய காட்சியில் அதனை அணிந்தவர்கள் ஆங்கிலேய மொழியினர். ஆனால் எல்லாக் கூட்டங்களும் அவ்வாறு நடைபெறுவதில்லை. எப்பொழுதும் ஆங்கிலத்திலேயே பேசி, எப்பொழுதும் ஸ்பானியரே கருவி அணிய நேரிடுமாயின், அச்சபை இருமொழிச் சபை என்ற பெயரைப் பெறத் தகுதியற்றது. அங்கே ஒரு சாரார் வீட்டுக்காரர், மற்றவர் விருந்தினர். விருந்தினரை எவ்வளவு அன்பாக உபசரித்தாலும் அவர் விருந்தினரே. அடுப்பங்கரைக்குள் அவர் செல்லமாட்டார். ‘இதை மாற்றி வையுங்கள்’ என்று சொல்லவுமாட்டார். கருவி சில வேளை ஒரு பக்கத்தார் காதிலும் சில வேளை மறுபக்கத்தார் காதிலும் மாறிமாறி இருக்கும் சபையிலேதான் இரு சாராரும் வீட்டுக்காரராகின்றனர்.

இதனை நான் நூலறிவினால் மாத்திரம் கூறவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், கடமையின் நிமித்தம் ஒரு கூட்டத்துக்குச் சென்றிருந்தேன். நடவடிக்கைகள் யாவும் நான் கற்றிராத மொழியில் நடந்தன. அருகிலிருந்த இளம் உத்தியோகத்தர் நல்ல மனிதர். இடையிடையே என் காதருகே சாய்ந்து சாரத்தைச் சொன்னார். ஒருமுறை எல்லோரும் நீண்ட நேரம் வாதித்தனர். என்னவென்று கேட்டேன். ‘பெரிதாக ஒன்றுமில்லை, சேர், பின்னர் சொல்கிறேன்’ என்றார். அவர் வேண்டுமென்று மறைக்கவில்லை, களைத்துவிட்டார், அவ்வளவே. ஆயினும் அந்தப் ‘பின்னர்’ வரவேயில்லை. ஐம்பது வயதைக் கடந்தும் அந்த நாற்பது நிமிடம் நினைவிலிருக்கிறது. ஆகவே, களைத்தபோதும் சுருக்காமல், ‘பின்னர் சொல்கிறேன்’ என்று தள்ளிவைக்காமல், ஒருவர் சொல்வதை மற்றவருக்கு முழுமையாகச் சொல்லும் இளைஞன் எத்துணைப் பெரிய கடமையைச் செய்கிறான் என்பதை நான் அறிவேன்.

இருமொழிச் சபைக்குக் குறைகள் இல்லாமலில்லை. எதனையும் இருமுறை அறிவிக்கவேண்டும். 2019 முதல் ஞாயிற்றுக் கூட்டம் மூன்று மணியிலிருந்து இரண்டு மணி நேரமாகக் குறைக்கப்பட்டமையால் நேர நெருக்கடி வேறு. கருவியிற் கேட்பவருக்குப் பேச்சின் சாறு வரும், சுவை முழுவதும் வராது. நாங்கள் ஏன் இவ்வளவு சிரமப்படவேண்டும் என்று ஆங்கிலம் பேசுவோரிற் சிலரும், எங்களுக்கென ஓரிடம் இருந்தால் நாங்களே தலைமை தாங்கலாமே என்று ஸ்பானியம் பேசுவோரிற் சிலரும் எண்ணுவர். இரண்டாவது கூற்றிலே நியாயம் உண்டு. தனிச் சபையிலே ஸ்பானியர் ஆயராகவும் ஆசிரியராகவும் இசைத் தலைவராகவும் வளர்வர். கலப்புச் சபையிலே மொழித் தயக்கத்தினாற் பின்வாங்கிலே தங்கிவிடுவர். ஆகையால் ஒன்றாக இருத்தல் என்பது ஒரே கட்டிடத்தில் இருத்தலன்று. பொறுப்பையும் பேச்சையும் பங்கிட்டுக்கொள்ளாத ஒற்றுமை வெறும் கூரை ஒற்றுமையே.

இரண்டாண்டு முடிந்து நம் இளைஞன் வீடு திரும்புகிறான். எத்தனை பேரை மதத்திற் சேர்த்தான் என்று கணக்குப் பார்த்தால் பெரும்பாலும் அது சிறு கணக்காகவே இருக்கும். ஆனால் அவன் ஒரு மொழியைக் கொண்டுவருகிறான். பிறமொழி அறிந்த இத்தகையோர் யூற்றா மாநிலத்தில் ஏராளம். 2008ஆம் ஆண்டில் அம்மாநிலம் சட்டமியற்றி, பாடசாலைகளில் நாளின் ஒரு பாதியை ஆங்கிலத்திலும் மறுபாதியை ஸ்பானியம், சீனம் முதலிய மொழிகளிலும் கற்பிக்கும் திட்டத்தை வளர்த்தது. பிற மொழியின் பயனைத் தம் வாழ்விற் கண்ட பெற்றோர் அங்கே மிகுதியாதலின் அத்திட்டத்துக்கு ஆதரவு கிடைத்ததில் வியப்பில்லை.

மொழியை விடவும் பெரிய ஒன்றையும் அவன் கொண்டுவருகிறான் என்பது என் கருத்து. தான் பேசுவதற்கு முன் பிறர் பேசியதை முழுமையாகக் கேட்கவேண்டும் என்ற பழக்கமே அது. மொழிபெயர்ப்பவன் கேளாமற் பேச இயலாது. பாதி கேட்டு மறுபாதியைத் தானே புனையவும் இயலாது. பதினெட்டு வயதில் இப்பழக்கத்தைப் பெற்றவன், எம்மதத்தைச் சார்ந்தவனாயினும், எந்நாட்டவனாயினும், கூட்டத்துக்குப் பயனுள்ளவனாவான்.

இரு மொழியினர் ஒன்று கூடும் மண்டபம் எங்கே இருப்பினும், அங்கே நுழைந்ததும் சுவரிலே எழுதியிருக்கும் வாசகங்களை வாசித்து மயங்கவேண்டாம். யார் காதிலே கருவி இருக்கிறது என்று பாருங்கள். அடுத்த கிழமை அது யார் காதுக்கு மாறுகிறது என்றும் பாருங்கள். அந்தச் சபை எத்தகையது என்பதை அதுவே உங்களுக்குச் சொல்லிவிடும்.